நைரோபி நகரும் அதன் குடிசைகளும்

நகரங்கள் பிறக்கும் வகை பல. ஆற்றங்கரையில் வாணிகம் பெருகியதால் பிறந்தவை சில; கோயிலைச் சுற்றித் தெருக்கள் வளர்ந்து பிறந்தவை சில; மன்னன் ஒருவன் கோட்டை கட்டிக் குடிகளை அமர்த்தியதால் பிறந்தவை வேறு சில. கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யா நாட்டின் தலைநகராக விளங்கும் நைரோபி இவற்றுள் எந்த வகையையும் சேர்ந்ததன்று. புகைவண்டி இளைப்பாற ஓர் இடம் வேண்டியிருந்தது. அதனால் பிறந்த நகரம் அது.

2019-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அந்நகரில் 43,97,073 பேர் வாழ்ந்தனர். அவர்களுள் சரிபாதிக்கும் மேற்பட்டோர் குடிசைப் பகுதிகளில் வாழ்கின்றனர் என்பதும், அக்குடிசைகள் அனைத்தும் நகரின் குடியிருப்பு நிலத்தில் மிகச் சிறிய பங்கிலே நெருக்கியடித்து நிற்கின்றன என்பதும் பலரும் எடுத்துக்காட்டும் செய்திகள். இதற்குக் காரணம் என்ன என்று கேட்டால், பெரும்பாலோர் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருப்பார்கள். நாட்டுப்புறத்து மக்கள் வெள்ளம்போல் நகரத்தில் வந்து புகுந்தார்கள். நகரம் திணறிப் போயிற்று. எனவே குடிசைகள் முளைத்தன என்பார்கள். இந்த விடையில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பவருக்கு இது போதாது. மக்கள் வெள்ளம் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நைரோபியில் குடிசைகள் இருந்தன. ஐந்நூறு பேருக்கு இடம் இல்லாததால் அவை எழவில்லை. ஒரு சாராருக்கு இடம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்ததால் எழுந்தன. அந்த முடிவு எப்படி உருவாயிற்று, பின்னர் எப்படி நிலைத்தது என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

1896-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர், மொம்பாசாத் துறைமுகத்திலிருந்து விக்டோரியா ஏரிக்கு இருப்புப்பாதை அமைக்கத் தொடங்கினர். நைல் நதியின் தலைப்பகுதியைத் தம் கைக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். வேலை செய்யக் கூலியாட்கள் வேண்டுமே! அவர்களை நம் நாட்டிலிருந்து கொண்டு சென்றார்கள். பெரும்பாலோர் பஞ்சாபியர், கராச்சித் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அவ்வேலையில் ஏறத்தாழ 32,000 இந்தியர் ஈடுபட்டனர். அவர்களுள் 2,500 பேர் வரையில் நோயாலும் விபத்தாலும் அங்கேயே மாண்டனர். சாவோ என்னுமிடத்தில் 1898-இல் இரண்டு சிங்கங்கள் கூலியாட்களைக் கூடாரத்திலிருந்து இழுத்துச் சென்று தின்ற கதை உலகெங்கும் பரவியிருக்கிறது. சிங்கத்தைவிட மிகுதியான உயிர்களைக் கொண்டுபோன காய்ச்சலையும் வயிற்றுக்கடுப்பையும் பற்றிப் பேசுவார் குறைவு.

1899 மே மாத இறுதியில் தண்டவாளம் கடற்கரையிலிருந்து 327-ஆம் மைலை எட்டியது. அதற்கப்பால் மலைச் சரிவு. அதற்கும் அப்பால் பெரும் பள்ளத்தாக்கு. மலையேறுவதற்கு முன் சரக்குகளைக் குவித்து வைக்கவும், பட்டறை அமைக்கவும் சமதளம் ஒன்று தேவைப்பட்டது. அங்கே ஒரு சிற்றாறு ஓடியது. ஆடுமாடு மேய்க்கும் மாசாய் மக்கள் அவ்விடத்தைக் குளிர்ந்த நீருள்ள இடம் என்னும் பொருளில் தம் மொழியில் அழைத்து வந்தனர். அப்பெயரே நைரோபி என்று நிலைத்தது. ஆனால் பொறியியலார் தேர்ந்தெடுத்த சமதளம் குடியிருக்க ஏற்றதன்று. அது சதுப்பு நிலம், கரிசல் மண். மழை பெய்தால் குழம்பாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். வெயில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். நீர் வடிய வழியில்லை. மேற்கே சிறிது தொலைவில் செம்மண் மேடுகள் இருந்தன. அங்கே காற்றும் நிழலும் நல்ல வடிகாலும் உண்டு. இந்தச் செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் உள்ள வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நைரோபியின் வரலாறு முழுவதும் அந்த வேற்றுமையின் மேலேயே நடந்திருக்கிறது.

ஊருக்கு முதலில் போட்ட திட்டத்தில் என்னென்ன இருந்தன? நிலையமும் பட்டறையும் இருந்தன. அதிகாரிகளுக்கு மேட்டில் வீடுகள் இருந்தன. ஐரோப்பியக் கடைகளுக்குத் தெரு இருந்தது. இந்திய வணிகருக்கு ஒரு கடைத்தெரு இருந்தது. ஆப்பிரிக்கர் வாழ்வதற்கென்று ஓர் இடமும் குறிக்கப்படவில்லை. அது அவர்களுடைய நாடு. சுமை தூக்குவோரும் வீட்டு வேலை செய்வோரும் அவர்களே. எனினும் திட்டம் வரைந்தவர்களின் கண்ணுக்கு அவர்கள் வந்து போகிறவர்களாகவே தோன்றினார்கள். வந்து போகிறவருக்கு வீடு எதற்கு?

1902-இல் இந்தியக் கடைத்தெருவில் பிளேக் நோய் தோன்றியது. அதிகாரிகள் கடைத்தெரு முழுவதையும் கொளுத்திவிட்டனர். 1904-இல் மீண்டும் நோய் கண்டது. இந்த ஊரையே வேறிடத்திற்கு மாற்றிவிட வேண்டும் என்று மருத்துவர் சிலர் வற்புறுத்தினர். ஆனால் அதற்குள் பட்டறைகளும் கிடங்குகளும் பெருகிவிட்டன. 1905-இல் தலைநகரும் மொம்பாசாவிலிருந்து அங்கே மாறியது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டது. நோய் வந்ததற்குக் காரணம் நீர் வடியாத நிலமும், சாக்கடை இல்லாத தெருவும் என்று கொண்டிருந்தால், சாக்கடை வெட்டியிருப்பார்கள். ஆட்சியாளர் அவ்வாறு கொள்ளவில்லை. நோய் மனிதரோடு வருகிறது. ஆதலால் மனிதரைப் பிரித்துவைக்க வேண்டும் என்று கருதினர். 1913-இல் சிம்சன் என்னும் சுகாதாரப் பேராசிரியரை அழைத்து ஆராயச் செய்தார்கள். அவர் முன்னர்க் கல்கத்தா நகரின் சுகாதார அதிகாரியாகப் பணியாற்றியவர். ஐரோப்பியர், இந்தியர், ஆப்பிரிக்கர் ஆகியோருக்குத் தனித்தனிப் பகுதிகள் வேண்டும் என்பது அவருடைய பரிந்துரை. இந்தியர் இதனை எதிர்த்துப் போராடினர். 1923-இல் ஆங்கில அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஐரோப்பியரையும் இந்தியரையும் சட்டத்தால் பிரிக்கும் கொள்கையைக் கைவிட்டது. ஆப்பிரிக்கரின் நிலை மாறவில்லை. செம்மண் மேடுகள் ஐரோப்பியருக்கும், இடைப்பட்ட நிலம் பெரும்பாலும் இந்தியருக்கும், கிழக்கே கரிசல் தாழ்நிலம் ஆப்பிரிக்கருக்கும் என்பது நடைமுறை ஆயிற்று.

வேலைக்கு ஆள் வேண்டும். ஆனால் அந்த ஆள் நகரத்தில் தங்கிவிடக் கூடாது. இந்த இரண்டையும் ஒருங்கே நிறைவேற்றுவது எப்படி? அதற்குரிய சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. நாட்டுப்புறத்தில் குடிசைக்கு வரி போட்டார்கள். வரியைப் பணமாகக் கட்ட வேண்டும். பணம் வேண்டுமாயின் வெள்ளையர் தோட்டத்திலோ நகரத்திலோ கூலி வேலை செய்ய வேண்டும். நல்ல மேட்டுநிலங்கள் குடியேறிய ஐரோப்பியருக்குப் போய்விட்டபடியால், கிக்குயு போன்ற உழவர் மக்களுக்கு வேறு வழியும் குறைந்தது. பின்னர், 1920-ஆம் ஆண்டை ஒட்டிக் கிபாண்டே என்னும் அடையாளச் சீட்டு நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயதைக் கடந்த ஒவ்வோர் ஆப்பிரிக்க ஆணும் அதனைத் தன்னுடன் வைத்திருக்க வேண்டும். கைரேகை, எசமானன் பெயர், கூலி எல்லாம் அதில் பதியப்பட்டிருக்கும். சிறிய உலோகக் கூட்டில் அதனை இட்டுக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கொள்வார்கள். சீட்டு இல்லாதவன் சிறைக்குப் போவான். ஆட்டுக்கு மணி கட்டியதுபோல் தம் கழுத்தில் கட்டினார்கள் என்று அம்மக்கள் மனம் நொந்தனர். 1922-இல் வேலையின்றித் திரிவோரை நகரத்திலிருந்து வெளியேற்றும் சட்டமும் வந்தது.

அக்காலத்திலே ஆப்பிரிக்கர் எங்கே தங்கினார்கள்? நகரத்தின் ஓரங்களில் தாமே சிற்றூர்களை அமைத்துக்கொண்டார்கள். பங்கானி என்பது அவற்றுள் ஒன்று. கழிகளை நட்டு, மண் அப்பி, வீடு கட்டி, அறைகளை வாடகைக்கு விட்டார்கள். அவ்வீடுகளின் சொந்தக்காரருள் பலர் பெண்கள் என்பது வியப்பான செய்தி. ஊரில் நிலத்துக்கு உரிமை இல்லாத பெண்கள், நகரத்திற்கு வந்து உழைத்துத் தமக்கென்று ஒரு வீட்டைத் தேடிக்கொண்டனர். நகராட்சி இவ்வூர்களை ஒவ்வொன்றாக இடித்தது. 1920-களின் தொடக்கத்தில் பும்வானி என்னும் இடத்தில் ஆப்பிரிக்கருக்கென்று ஒரு குடியிருப்பை ஏற்படுத்தி, எல்லாரும் அங்கேயே போய்ச் சேர வேண்டும் என்றது. பங்கானி மட்டும் 1930-களின் இறுதி வரையில் தப்பி நின்றது. பின்னர் அதுவும் போயிற்று.

பும்வானியின் வரவுசெலவைச் சற்றே பார்க்க வேண்டும். நகராட்சிக்கு ஆப்பிரிக்கரும் பல வழிகளில் வரி செலுத்தினர். ஆயினும் அவர்களுக்குச் செய்யும் வசதிகளுக்குத் தனிக் கணக்கு வைத்தார்கள். அந்தக் கணக்குக்கு முக்கியமான வருவாய் எதிலிருந்து வந்தது தெரியுமா? பும்வானியில் நகராட்சியே நடத்திய பீர் கடையிலிருந்து! வேறு யாரும் பீர் காய்ச்சக் கூடாது. காய்ச்சும் உரிமை முழுவதும் நகராட்சிக்கே. ஆப்பிரிக்கன் குடித்தால், அந்த இலாபத்தில் ஆப்பிரிக்கனுக்கு வசதி செய்யப்படும். அவன் குடியாவிட்டால் வசதியும் இல்லை. செம்மண் மேட்டிலிருந்த சாலைகளும் விளக்குகளும் இந்த விதிக்கு உட்பட்டவை அல்ல என்று சொல்லத் தேவையில்லை.

நகராட்சி கட்டித்தந்த குடியிருப்புகளிலும் ஆளுக்கு ஒரு படுக்கை அளவு இடம் என்பதே நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது. வீடு அன்று, படுக்கை! கரியோக்கோர் என்று ஒரு பகுதி இன்றும் நைரோபியில் இருக்கிறது. முதல் உலகப் போரில் ஆங்கிலப் படைக்குச் சுமை தூக்கிய ஆப்பிரிக்கர் படைப்பிரிவுக்குக் கேரியர் கோர் என்று பெயர். அப்பிரிவினர் பல்லாயிரக்கணக்கில் நோயுற்றும் பசித்தும் மாண்டனர். அவர்களுடைய முகாம் இருந்த இடத்தின் பெயர் மக்கள் வாயில் கரியோக்கோர் என்று திரிந்தது. பின்னர் அவ்விடத்தில் எழுந்தவையும் ஒண்டிக்கட்டைத் தொழிலாளருக்கான கொட்டடிகளே. கூலியும் அவ்வாறே ஒண்டி ஆளின் சாப்பாட்டுக்கு ஏற்பக் கணக்கிடப்பட்டது. மனைவியும் மக்களும் ஊரில் பயிர் செய்து பிழைத்துக்கொள்வார்கள் என்பது கணக்குப் போட்டவர்களின் எண்ணம். 1954-இல் அரசாங்கமே நியமித்த கார்ப்பென்டர் குழு, கூலி ஒரு குடும்பத்துக்குப் போதுமானதாக இருக்க வேண்டும் என்று அறிவித்தது. நகரம் தோன்றி ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து அதிகாரிகள் எழுத்தில் இந்த உண்மை ஏறியது.

இதற்கிடையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1950 மார்ச்சு 30-இல் நைரோபிக்கு மாநகரம் என்னும் சிறப்பை ஆங்கில மன்னர் வழங்கினார். மன்னரின் தம்பியே விழாவுக்கு வந்தார். தொழிற்சங்கத் தலைவர்களான மக்கன் சிங், பிரெட் குபாய் ஆகியோர் அவ்விழாவைப் புறக்கணிக்குமாறு தொழிலாளரைக் கேட்டுக்கொண்டனர். ஒருவர் பஞ்சாபில் பிறந்த சீக்கியர், மற்றவர் ஆப்பிரிக்கர். மே மாதம் 15-இல் இருவரும் கைதாயினர். மறுநாள் நகரெங்கும் வேலைநிறுத்தம் தொடங்கியது. மாநகரமாகிவிட்டது என்று கொண்டாடிய ஊரில், அதனைக் கட்டியவருக்குப் படுக்க இடமில்லை என்பது அவர்களுடைய குறை. மக்கன் சிங் அதன்பின் 1961 வரையில் காவலிலே வைக்கப்பட்டார்.

1954 ஏப்பிரல் 24-இல் மாவ் மாவ் எழுச்சியை அடக்குவதற்காகப் படையினர் நகரத்தைச் சூழ்ந்துகொண்டனர். பல்லாயிரம் கிக்குயு மக்களைப் பிடித்துத் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பினர். நகரத்தில் ஆப்பிரிக்கன் விருந்தாளியே, வேண்டாதபோது வெளியேற்றலாம் என்னும் எண்ணத்தின் உச்சம் அது.

இனிக் கிபேராவுக்கு வருவோம். நைரோபியின் குடிசைப் பகுதி என்றதும் உலகம் நினைப்பது கிபேராவைத்தான். அதன் தொடக்கம் வறுமையில் அன்று, படைச் சேவையில். ஆங்கிலேயரின் கிழக்கு ஆப்பிரிக்கப் படையில் பணிபுரிந்த சூடான் நாட்டு வீரர்களுக்கு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகருக்குத் தென்மேற்கே காட்டு நிலத்தில் குடியிருக்க அனுமதி தந்தார்கள். நூபியர் எனப்படும் அவர்கள் அவ்விடத்தைத் தம் மொழியில் கிப்ரா என்றனர். காடு என்பது பொருள். அக்காலத்தில் அளந்தபோது அந்நிலம் 4,000 ஏக்கருக்கும் மேற்பட்டதாக இருந்தது. ஆனால் பட்டா கொடுக்கவில்லை. குடியிருக்கலாம், சொந்தம் கொண்டாட முடியாது. ஆண்டுகள் செல்லச் செல்ல நகரம் கிபேராவை நோக்கி வளர்ந்தது. நிலத்தின் பெரும்பகுதியை அரசு வேறு வேறு பயன்களுக்கு எடுத்துக்கொண்டது. எஞ்சிய நிலத்தில் நூபியர் வீடுகளைப் பகுத்து வாடகைக்கு விட்டனர். 1963-க்குப் பின் அதிகாரிகளின் வாய்மொழி அனுமதியைப் பெற்று, வெளியிலிருந்து வந்த செல்வர்களும் அங்கே வரிசை வரிசையாக அறைகளைக் கட்டினர். நைரோபியிலிருந்து விக்டோரியா ஏரிக்குச் செல்லும் பழைய இருப்புப்பாதை கிபேராவின் நடுவே ஓடுகிறது. இருபுறமும் தகரக் கூரைகள். தண்டவாளத்தை ஒட்டியே காய்கறிக் கடைகள். வண்டி வரும் ஓசை கேட்டால் விற்பவர்கள் எழுந்து ஒதுங்குவார்கள். போனபின் மீண்டும் அமர்வார்கள்.

1963 திசம்பர் 12-இல் கென்யா விடுதலை பெற்றது. அதுவரையில் சட்டங்கள் தடுத்து வைத்திருந்த மனைவியரும் மக்களும் நகரத்திற்கு வந்தனர். இயற்கைதானே? 1948-இல் ஏறத்தாழ 1,19,000 ஆக இருந்த மக்கள்தொகை 1969-இல் 5,09,000 ஆயிற்று. நகர எல்லை விரிந்ததும் இதற்கு ஒரு காரணம். எல்லை பின்னர் பெரிதும் மாறாமலேயே 1999-இல் 21 இலட்சத்தைக் கடந்தது. புதிய ஆட்சியாளர்கள் மேட்டு வீடுகளில் குடியேறினர். பழைய கட்டட விதிகளை அப்படியே வைத்துக்கொண்டனர். அவ்விதிகளின்படி கட்டப்படாத வீடு வீடன்று, அது இடிக்கத்தக்கது. ஏழைக்கு எட்டும் செலவில் அவ்விதிகளின்படி ஒரு வீடும் கட்ட முடியாது. ஆகவே ஏழையின் வீடு எதுவாயினும் இடிக்கத்தக்கதாயிற்று. 1970-ஐ ஒட்டியும், பின்னர் 1990-இல் முவோரோட்டோவிலும், இன்னும் பல முறையும் புல்டோசர்கள் வந்தன. இடித்த குடிசைகள் அடுத்த வாரத்தில் வேறோர் ஓரத்தில் எழுந்தன.

அங்கே வாழும் நிலை எத்தகையது? பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று, மண் சுவர் அல்லது தகரச் சுவர், தகரக் கூரை. அதில் ஒரு குடும்பம் முழுவதும் வாழ்கிறது. பகலில் திரை ஒன்று அறையை இரண்டாக்கும். இரவில் நாற்காலி வெளியே போகும். கழிப்பிடம் பல குடும்பங்களுக்கு ஒன்று. அதற்கும் பல இடங்களில் காசு கொடுக்க வேண்டும். இரவில் வெளியே செல்வது பெண்களுக்கு இடர் நிறைந்தது. குழாய் வீட்டுக்குள் வராது. இருபது லிட்டர் பிளாஸ்டிக் டின்களில் தண்ணீர் விலைக்கு வாங்க வேண்டும். மேட்டு வீட்டார் குழாய் நீருக்குக் கொடுக்கும் விலையைவிடக் குடிசையார் கொடுக்கும் விலை பன்மடங்கு மிகுதி. மாணவர்கள் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஏழையாக இருப்பது மலிவானது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

வாடகையும் அப்படித்தான். குடிசைவாசிகள் அரசு நிலத்தைக் கைப்பற்றி இலவசமாக வாழ்கிறார்கள் என்னும் பேச்சு எங்கும் உண்டு. 2004-இல் நைரோபிக் குடிசைகளில் நடந்த ஆய்வு ஒன்றில், பத்துக்கு ஒன்பது குடும்பங்களுக்கு மேல் வாடகைக்கு இருப்பவர்கள் என்று தெரியவந்தது. வாடகை வாங்குவோருள் பலர் அங்கே குடியிருப்பதே இல்லை. பட்டா இல்லாத நிலம். எந்த நாளும் இடிக்கப்படலாம். எனவே கட்டியவர் குறைந்த செலவில் கட்டுவார், விரைவில் முதலை எடுத்துவிடுவார், பழுது பார்க்க மாட்டார். நிலத்துக்கு உரிமை தராத பழைய வழக்கம் இவ்வாறு ஒரு சிலருக்கு நல்ல வருவாயாக மாறிற்று. அந்த வருவாய் பெறுவோர் செல்வாக்குள்ளவர்களாக இருக்கும்போது, நிலைமை மாறுவதை விரும்புவோர் எத்தனை பேர் இருப்பார்கள்?

இவற்றின் பயனை ஓர் எண் காட்டும். 2000-ஆம் ஆண்டில் எடுத்த கணக்கின்படி நைரோபிக் குடிசைப் பகுதிகளில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 151 பேர் ஐந்து வயதை எட்டுமுன் இறந்தனர். நைரோபி நகரம் முழுவதற்கும் அவ்வெண் 62. கென்ய நாட்டுப்புறத்தில் ஏறத்தாழ 113. அதாவது, மருத்துவமனைகளும் மருத்துவர்களும் நிறைந்த தலைநகரில் பிறந்த குழந்தை, மருத்துவரைக் காணாத சிற்றூரில் பிறந்த குழந்தையைவிட விரைவில் இறந்தது. வயிற்றுப்போக்கும் மார்புச்சளியும் அதற்குக் காரணங்கள். 1902-இல் வெட்டாத சாக்கடையை இங்கே நினைக்காமல் இருக்க முடியுமா? அந்த ஆண்டுக்குப் பின்னர் அவ்வெண்கள் குறைந்து வந்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எண்களைப் பற்றி மற்றொன்று. கிபேராவில் பத்து இலட்சம் பேர் வாழ்கின்றனர் என்று உலகச் செய்தித்தாள்கள் பல ஆண்டுகள் எழுதின. 2009-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் 1,70,070 பேர் என்று வந்தது. இந்த எண் குறைவு என்று மறுப்பாரும் உண்டு. ஆயினும் பத்து இலட்சம் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அதே ஆண்டில் கிபேரா இளைஞர்கள் சிலர் கையில் கருவிகளுடன் சந்து சந்தாக நடந்து தம் ஊருக்கு ஒரு வரைபடம் தயாரித்தார்கள். பொதுமக்கள் பயன்படுத்தும் வரைபடங்களில் அதுவரையில் அவ்விடம் வெற்றிடமாகக் கிடந்தது. பரிதாபத்துக்காகப் பெருக்கியும், ஆட்சிக்காக மறைத்தும் கூறப்பட்ட ஊர் அது. கிணறு எங்கே, பள்ளி எங்கே, மருந்தகம் எங்கே என்று குறித்துக் காட்டியவர்கள் அங்கேயே பிறந்த பிள்ளைகள்.

குடிசைவாழ் மக்கள் சோம்பியிருப்பவர்கள் அல்லர். விடியுமுன் கிபேராவிலிருந்தும் முக்குருவிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வரிசையாக நடந்து தொழிற்பேட்டைகளுக்கும் மேட்டு வீடுகளுக்கும் செல்வதை நைரோபியின் எந்தச் சாலையிலும் காணலாம். பேருந்துக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடிக்கவே நடக்கிறார்கள். தகரம் வெட்டிப் பெட்டியும் அடுப்பும் செய்யும் பட்டறைகள், தையல் கடைகள், அவர்களே நடத்தும் சிறு பள்ளிகள், நாள்தோறும் சில்லறை சேர்க்கும் பெண்களின் சேமிப்புக் குழுக்கள் எல்லாம் அங்கே உண்டு. 1996-இல் குடிசைவாசிகள் பலர் கூடி முவுங்கானோ வா வனவிஜிஜி என்னும் அமைப்பை உருவாக்கினர். சுவாகிலி மொழியில் சிற்றூர் மக்களின் ஒன்றியம் என்று அதற்குப் பொருள். இடிப்பை எதிர்க்க எழுந்த அமைப்பு அது.

சீர்திருத்த முயற்சிகள் நடவாமல் இல்லை. 1975-இல் தண்டோரா என்னும் பகுதியில் உலக வங்கியின் கடனுடன் ஏறத்தாழ 6,000 மனைகளை அளந்து, தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் அமைத்து, வீட்டை நீங்களே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். நல்ல எண்ணமே. ஆனால் கட்டியவர்கள் கடனைத் தீர்க்க அறை அறையாக வாடகைக்கு விட்டனர்; சிலர் மனையை விற்றுவிட்டுப் பழைய குடிசைக்கே திரும்பினர். கிபேராவில் சொவெட்டோ கிழக்கு என்னும் பகுதியில் 2009-இல் குடும்பங்களைத் தற்காலிக அடுக்குவீடுகளுக்கு மாற்றி, அவ்விடத்தில் 822 வீடுகள் கட்டி, 2016-இல் ஒப்படைத்தனர். எழாண்டில் 822 வீடுகள்! எனக்கு இவற்றைவிட நம்பிக்கை தருவது முக்குருவில் நடந்த வேலை. 2017-இல் அப்பகுதியைத் தனித் திட்டப் பகுதியாக அறிவித்தனர். ஏறத்தாழ ஒரு இலட்சம் குடும்பங்கள் அங்கே வாழ்கின்றன. அம்மக்களையே குழுக்குழுவாகக் கூட்டி, எந்தச் சந்து அகல வேண்டும், குழாய் எவ்வழி செல்ல வேண்டும் என்று கேட்டுத் திட்டம் வரைந்தார்கள். 2020-க்குப் பின் சாலைகளும் கழிவுநீர்க் குழாய்களும் வந்தன. வீடு ஒன்றும் புதிதாகக் கட்டித் தரவில்லை. ஆனால் இருக்கிறவர்களை இருக்கவேண்டியவர்களாகக் கொண்டார்கள்.

ஆயினும் பழைய எண்ணம் எளிதில் போவதில்லை. 2010-இல் இயற்றிய கென்ய அரசியல் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, தக்க வீடும் சுகாதார வசதியும் ஒவ்வொருவருக்கும் உரிமை என்கிறது. 2018 சூலையில் சாலை ஒன்றுக்காகக் கிபேராவின் ஊடே வீடுகளும் பள்ளிகளும் இடிக்கப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். 2024 ஏப்பிரல், மே மாதங்களில் பெருமழை பெய்து மத்தாரே ஆறு பெருக்கெடுத்தது; கரையோரக் குடிசைகளை வெள்ளம் அடித்துச் சென்றது. எஞ்சியவற்றை, ஆற்றங்கரையில் இருப்பது ஆபத்து என்று சொல்லி, அரசாங்கம் இடித்தது. ஆபத்து என்பது மெய்தான். அவ்வாபத்தான கரைக்கு அவர்கள் ஏன் போய்ச் சேர்ந்தார்கள் என்பதே கேள்வி.

2017-இல் கிபேராவின் நூபியருக்கு நிலப் பட்டா வழங்கப்பட்டது. அவர்களுடைய முன்னோர் அங்கே குடியேறி நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. பட்டாவில் கண்ட நிலம் 288 ஏக்கர். அவர்களைச் சுற்றி வாடகைக்குக் குடியிருக்கும் மற்றவர்களுடைய பெயர்கள் அதில் இல்லை.